ஐரிஷ் காபி: க்ரீம் மூழ்காமல் மிதக்க

காபி காக்டெயில்களில் முதலில் எதைப் பழகலாம் என்று கேட்டால், ஐரிஷ் காபி என்பேன். ஷேக்கர் வேண்டாம், எஸ்பிரெஸோ மெஷின் வேண்டாம், வீட்டில் இருக்கும் பில்டரே போதும். கை தவறுவது ஒரே இடத்தில்தான்: மேலே ஊற்றும் க்ரீம் மிதக்காமல் உள்ளே இறங்கிவிடும்.

இது பிறந்தது அயர்லாந்தின் ஃபாய்ன்ஸில். 1940-களில் அட்லாண்டிக்கைக் கடக்கும் கடல் விமானங்கள் அங்கே வந்து இறங்கும். குளிரில் நடுங்கி வந்த பயணிகளுக்கு ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் சூடான காபியில் விஸ்கி கலந்து, மேலே க்ரீம் மிதக்கவிட்டுக் கொடுத்தார். 1952-ல் சான் பிரான்சிஸ்கோவின் பியூனா விஸ்டா கஃபேயில் அதைச் செய்து பார்த்தபோது அவர்களுக்கும் க்ரீம் மூழ்கிக்கொண்டேதான் இருந்ததாம். அதனால் முதல் தடவை சரியாக வராவிட்டால் கவலைப்படாதீர்கள்.

ஒரு கிளாஸுக்கு: ஐரிஷ் விஸ்கி 45 மில்லி, சூடான காபி 120 மில்லி, நாட்டுச் சர்க்கரை 2 டீஸ்பூன், விப்பிங் க்ரீம் 40 மில்லி. புகைவாசம் தூக்கலாக இருக்கும் ஸ்காட்ச் வேண்டாம், காபியோடு சண்டை போடும்.

முதலில் காபி. சிக்கரி கலக்காத பொடியாக இருந்தால் நல்லது. பில்டரில் கெட்டியாக டிகாக்ஷன் இறக்கி, 50 மில்லி எடுத்து, 70 மில்லி கொதிக்கும் தண்ணீர் சேருங்கள். டிகாக்ஷனை அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் கசப்பு ஏறிவிடும்.

அடுத்து க்ரீம், இதில்தான் பொறுமை வேண்டும். ஆரம்பத்தில் நான் 25 சதவீதக் கொழுப்புள்ள சாதாரண க்ரீம் பாக்கெட்டை வாங்கினேன். எவ்வளவு அடித்தும் கெட்டிப்படவில்லை, ஊற்றியதும் காபியோடு கலந்து வெறும் பால் காபி ஆகிவிட்டது. கொழுப்பு 35 சதவீதமாவது இருக்கும் பால் க்ரீமாகப் பார்த்து வாங்குங்கள். கேக்கின் மேல் பூசும் இனிப்பு க்ரீம் இதற்கு ஆகாது. வாங்கியதை ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, மூடியுள்ள சின்ன பாட்டிலில் ஊற்றி 15 விநாடி குலுக்குங்கள். திறந்து பாருங்கள். தோசை மாவு கரண்டியிலிருந்து பட்டையாக வழியுமே, அந்தப் பதம் வர வேண்டும். தண்ணீராக ஓடினால் இன்னும் கொஞ்சம் குலுக்கலாம். கூர்முனையாக நிற்கும் அளவுக்குப் போய்விட்டால் குடிக்கும்போது காபியோடு சேர்ந்து வராது, கட்டியாக வாயில் அடைக்கும்.

இப்போது தடிமனான கண்ணாடி கிளாஸில் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். சர்க்கரையைப் போட்டு, காபியை ஊற்றி, முழுக்கக் கரையும்வரை கலக்குங்கள். சர்க்கரையைக் குறைத்துவிடாதீர்கள், அது இனிப்புக்காக மட்டும் இல்லை. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, விஸ்கி சேர்ந்ததும் காபியின் அடர்த்தி குறைந்துவிடும். கரைந்த சர்க்கரைதான் அதை ஈடுகட்டி க்ரீமைத் தாங்குகிறது. அப்புறம் விஸ்கியைச் சேருங்கள். அதை அடுப்பில் சூடாக்கவே கூடாது, தீப்பற்றும்.

காபி சுழல்வது நிற்கட்டும். ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து அதன் முதுகு காபியைத் தொட்டும் தொடாமலும் பிடித்து, க்ரீமை அதன் மேல் மெல்ல ஊற்றுங்கள். அது பரவிப் பரவி, ஒரு விரல்கடை உயரத்துக்கு வெள்ளையாகப் படிந்து நிற்கும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். காபி தூக்கத்தை விரட்டுமே தவிர போதையைக் குறைக்காது. தெளிவாக இருப்பதுபோல் தோன்றினாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

ஊற்றிய பிறகு கலக்க வேண்டாம். கிளாஸைச் சாய்த்து க்ரீம் வழியாகவே குடியுங்கள். உதட்டில் ஜில்லென்று க்ரீம், அதன் பின்னாலேயே சூடான காபி. ஒருவேளை க்ரீம் இறங்கிவிட்டால் அப்படியே கலக்கிக் குடியுங்கள், ருசிக்குக் குறைவில்லை. அடுத்த தடவை பாட்டிலை இன்னும் ஐந்து விநாடி கூடுதலாகக் குலுக்குங்கள்.