கிணற்றில் தள்ளினால் பயம் போகாது: படிப்படியாக இறங்குவது எப்படி

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்குப் பயப்படுகிற பையனுக்கு ஒரே வைத்தியம்தான். பம்புசெட் கிணற்று மேட்டில் நிற்கவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டு, பின்னாலிருந்து ஒரு தள்ளு. "ரெண்டு மடக்கு குடிச்சான்னா தானா நீச்சல் வந்துரும்லே" என்பார்கள். சிலருக்கு வரவும் செய்தது. எனக்கு வரவில்லை. பதினோரு வயதில் மாமா ஒருவர் தள்ளிவிட்டார், அவரே குதித்துத் தூக்கினார், மேட்டில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் நான் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவில்லை. தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன் வீட்டில் வாளியில் மோந்து குளித்தேன். குற்றாலம் போனால் எல்லோருடைய சாரத்துக்கும் செருப்புக்கும் காவல் நான்தான்.

இப்போது திருநெல்வேலியில் குறுக்குத்துறைப் படித்துறையில் கழுத்தளவு தண்ணீரில் நின்று கதை பேசுகிறேன். நான்கு மாதம் ஆனது. உங்களுக்கு நாய் பயமாக இருக்கலாம், லிஃப்ட், மேடை, இருட்டு, ஊசி எதுவாகவும் இருக்கலாம். வேலை ஏறத்தாழ ஒன்றுதான். ஊசி மட்டும் கொஞ்சம் வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பயத்துக்குச் சரியான பேர் வையுங்கள். "தண்ணிப் பயம்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது சும்மா ஒரு மூட்டை. ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்து, எந்த நொடியில் வயிறு கலங்குகிறது என்று யோசித்தபோதுதான் தெரிந்தது, எனக்கு மழையும் அருவியும் பிரச்சினையே இல்லை, முகத்தில் தண்ணீர் படுவதும் இல்லை. கால் தரையில் படாமல் போகிற அந்த ஒரு நொடிதான். நாய் பயம் என்பவருக்கு நாய் பயமா, அது திடீரென்று பாய்வதா, ஓடும்போது விழுந்து நாலு பேர் சிரிப்பதா? மேடை பயம் என்பவருக்குப் பேச்சு மறந்துபோவதா, குரல் நடுங்குவது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுவதா? மூட்டையை அவிழ்க்காமல் தூக்கினால் அது பாரமாகத்தான் இருக்கும்.

அடுத்தது, பயம் எப்படிப் பெருகுகிறது என்பது. நான் ஒவ்வொரு தடவை படித்துறையிலிருந்து திரும்பி வந்தபோதும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதிதான் கூலி. "ஓடினோம், அதனால் பிழைத்தோம்" என்று மனசு கணக்கு எழுதிவைக்கிறது. ஓடாமல் நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இருபத்திரண்டு வருஷம் நான் என் பயத்துக்குத் தீனி போட்டு வளர்த்தது இப்படித்தான். தைரியம் வந்தபிறகு இறங்கலாம் என்று காத்திருந்தேன், அது வரவே இல்லை. இறங்கிய பிறகுதான் வந்தது, அதுவும் பைய பைய.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1924-இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறுகிற பீட்டர் என்ற மூன்று வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பையன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்தார்கள். அவன் பொறுத்துக்கொண்ட அளவுக்கு நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார்கள். முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளையும் பக்கத்தில் விட்டார்கள். கடைசியில் அவனே முயலைத் தடவிக்கொடுத்தான். முயலைத் தூக்கி மடியில் போடவில்லை என்பதைக் கவனியுங்கள், என் மாமாவிடம் அப்போது யாராவது சொல்லியிருக்கலாம். அப்புறம் 1950-களில் தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் இதை ஒழுங்கான சிகிச்சை முறையாக்கினார். பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போடுவதும் அவர் வழிதான்.

அந்த மார்க்கை வைத்து ஒரு ஏணி எழுதுங்கள். என்னுடையது இது:

கடைசிப் படியில் உட்கார்ந்து காலை நனைப்பது: 20
முழங்கால் அளவு நிற்பது: 35
இடுப்பளவு, நண்பன் பக்கத்தில்: 50
இடுப்பளவு, நண்பன் கரையில்: 60
மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குவது: 75
கழுத்தளவு: 85
கால் எட்டாத இடம்: 100

சின்னப் படியில் ஆரம்பியுங்கள், ஆனால் பயமே வராத படியில் நின்று நேரத்தைக் கடத்தாதீர்கள். நான் ஒரு வாரம் காலை நனைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், மார்க் பத்துக்கு இறங்கியும் எழுந்திருக்க மனசில்லை. துணி துவைக்க வந்த ஆச்சி ஒருத்தி, "என்னய்யா, காலு இன்னுமா வெளுக்கல?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் முழங்காலுக்கு இறங்கினேன்.

இறங்கியதும் நெஞ்சு அடிக்கும், கை வேர்க்கும், வாய் உலரும். அட்ரினலின் உடம்பில் ஏறுகிறது, ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது, அவ்வளவுதான். அந்த உச்சியிலேயே உடம்பால் வெகு நேரம் நிற்க முடியாது, விட்டால் தானே இறங்கும். இறங்குகிறவரை நில்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வையுங்கள், நான்கு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடுங்கள். உச்சியில் இருக்கும்போது மட்டும் வெளியே வராதீர்கள், வந்தால் அந்த நிம்மதிக் கூலி மறுபடியும் பயத்தின் கைக்குப் போய்விடும். ஒரு நாள் மார்க் இறங்கவே இல்லை என்றாலும் பரவாயில்லை, நின்றீர்கள் என்பதே கணக்கு. (நெஞ்சுவலி, மயக்கம் உண்மையிலேயே வருகிறவர்கள் முதலில் ஒரு மருத்துவரிடம் இதயத்தைப் பார்த்துவிட்டு இதெல்லாம் செய்யுங்கள்.)

எனக்கு அதிகம் உதவியது ஒரு சில்லறை வேலை. இறங்குவதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன் என்பதை ஒரு வரி எழுதுவேன். "கால் வழுக்கும், விழுவேன், எழுந்திருக்க முடியாது." வந்தபிறகு அதற்குப் பக்கத்தில் நடந்ததை எழுதுவேன். "வழுக்கியது. விழுந்தேன். எழுந்தேன். மூக்கில் தண்ணீர்." பயந்தது பாதி நடந்த அந்த நாள்தான் என்னை ரொம்பத் தூரம் தள்ளிக்கொண்டு போனது, ஒன்றுமே நடக்காத நாட்களைவிட.

சொதப்பிய இடத்தையும் சொல்லவேண்டும். இரண்டு வாரம் இடுப்பளவில் நண்பனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன். மார்க் 20-க்கு வந்துவிட்டது, பெரிய சூரன் என்ற நினைப்பு. ஒரு நாள் அவன் வரவில்லை, அவனுடைய அண்ணன் வந்து கரையில் உட்கார்ந்தார், மார்க் நேரே 80. தண்ணீர் ஆபத்தில்லை என்பதையா நான் கற்றிருந்தேன்? இவன் மணிக்கட்டு என்னைக் காப்பாற்றுகிறது என்பதைத்தான். சிலருக்கு அந்த மணிக்கட்டு கையில் பிடித்த செல்போன், சிலருக்குப் பையில் வைத்த மாத்திரை, சிலருக்கு இடுப்புத் தாயத்து. ஆரம்பத்தில் இருக்கட்டும், ஆனால் ஏணியில் அதைக் கழற்றுவதற்கும் ஒரு படி வையுங்கள். (மருத்துவர் தினமும் சாப்பிடச் சொன்ன மாத்திரை வேறு, அதை நீங்களாக நிறுத்தவேண்டாம்.)

தாயத்து என்றதும் ஞாபகம் வருகிறது. பயந்த பிள்ளைக்கு மந்திரிப்பதை நான் கிண்டல் செய்யமாட்டேன். வேப்பிலையோ விபூதியோ, ஒரு பெரியவர் எதிரே உட்காரவைத்து "எங்கன பயந்த, என்னத்தப் பாத்த?" என்று பொறுமையாகக் கேட்பதே பாதி மருந்து. கிணற்று மேட்டில் சிரித்தவர்களைவிட எத்தனையோ மேல். ஆனால் மந்திரித்த மறுநாள் பிள்ளை அந்தத் தெரு வழியாகவே பள்ளிக்கூடம் போகவேண்டும். "இனிமே அந்தப் பக்கம் போவாத" என்று சேர்த்துச் சொல்லி அனுப்பினால் மந்திரித்தது அத்தனையும் வீண்.

ஒரே இடத்தில் ஜெயித்ததை நம்பி உட்காராதீர்கள். குறுக்குத்துறையில் சாதாரணமாக நின்றவன் பாபநாசம் கோயில் படித்துறையில் மீன்கள் காலை மொய்த்ததும் துள்ளி மேலே ஏறிவிட்டேன். மனசுக்கு அது வேறு ஆறு. இடம், நேரம், கூட வருகிற ஆள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். நடுவில் ஒரு மாதம் விட்டால் பயம் கொஞ்சம் திரும்பி வரும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, இரண்டு படி இறங்கி ஏறினால் போதும்.

சரி, ஊசி. ரத்தம், ஊசி பார்த்து மயங்கி விழுகிறவர்களுக்கு மட்டும் உடம்பு வேறு மாதிரி வேலை செய்கிறது. முதலில் ஏறுகிற ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடுகிறது, அதனால்தான் மயக்கம். இவர்களிடம் "உடம்பைத் தளர்த்து" என்று சொல்வது தப்பு. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ் யோரான் ஊஸ்ட் 1980-களில் இதற்கு வழி சொன்னார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்குங்கள், முகம் சூடாவது தெரியும். 20, 30 நொடி விட்டுவிட்டு மறுபடியும், மொத்தம் ஐந்து தடவை. வீட்டில் பழகிக்கொண்டு ஊசி போடப் போங்கள், ஊசி குத்துகிற கையை மட்டும் தளர்வாக விடுங்கள்.

பயம் வேறு, ஜாக்கிரதை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருக்கெடுக்கும்போதும் அணை திறந்திருக்கும்போதும் இறங்குவது தைரியம் இல்லை. மணல் அள்ளிய இடங்களில் திடீர்க் கசம், அதாவது ஆழமான பள்ளம், உண்டு. நான் கோடையில், ஆள் குளிக்கிற துறையில், நீச்சல் தெரிந்தவர் கூடவே இருக்கத்தான் இறங்கினேன். அவர் கரையில் இருந்ததை மேலே சொன்ன மணிக்கட்டோடு சேர்க்காதீர்கள். ஏணியின் கடைசிப் படியை இன்னும் தொடவில்லை, அதற்கு முறையாக நீச்சல் கற்கவேண்டும்.

தனியாகச் செய்யக்கூடாத பயங்களும் உண்டு. அடி, வன்முறை, விபத்து, சாவு பார்த்தபின் வந்த பயம், நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, தூக்கமே இல்லாமல் போவது, வாழவே வேண்டாம் என்று தோன்றுவது, இதற்கெல்லாம் ஏணி எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை அது, இலவசம், நாள் முழுக்க உண்டு, தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்கப் பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் யாராவது பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம் எனக்கும் புரிகிறது. போன் செய்வதை முதல் படியாக வைத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்கு அப்புறம் எங்கள் பக்கம் மழைச் சத்தத்துக்கே பயப்படுகிறவர்கள் கூடிப்போனார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது, பயப்படாமல் என்ன செய்வார்கள். என் அத்தை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அதிலிருந்து தூறல் விழுந்தாலே அரிசி மூட்டை, பாய், பாத்திரம், பத்திரப் பை எல்லாம் மாடிக்கு ஏறும், விடிய விடிய ஜன்னலில் நிற்பாள். அவளுக்கும் ஒரு ஏணி எழுதினோம். முதலில் செல்போனில் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்காருவது, அப்புறம் தூறலில் பாத்திரத்தைக் கீழேயே விடுவது, அப்புறம் மூட்டையை. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை, எச்சரிக்கை எதுவும் இல்லாத சாதாரண மழை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அத்தை கீழே பாயில் தூங்கிக்கொண்டிருக்கிறாள், அரிசி மூட்டை அடுக்களையிலேயே இருக்கிறது. பத்திரப் பையை மட்டும் காணவில்லை. "எங்க அத்தை, மாடியிலயா?" என்று கேட்டேன்.

"அது பயம் இல்லலே, புத்தி" என்றாள்.