'கால் த மிட்வைஃப்' தொடரை ரசித்துப் பார்க்க

மருத்துவச்சிகளைப் பற்றி, 2012 ஜனவரியில் பிபிசி ஒளிபரப்பத் தொடங்கிய 'கால் த மிட்வைஃப்' தொடரின் கதை, 1957இல், கப்பல்துறைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த கிழக்கு லண்டனின் பாப்லர் பகுதியில் ஆரம்பிக்கிறது. பருவத்துக்குப் பருவம் காலமும் நகர்வதால், இடையில் நுழையாமல், ஆறு அத்தியாயங்களே கொண்ட முதல் பருவத்திலிருந்து பார்ப்பதே நல்லது. கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயங்களையும் தாண்டிவிடக் கூடாது.

கண்ணீர்க் காட்சிகளைவிடக் கருவிகளைக் கவனியுங்கள். மருத்துவச்சி சிறு கொம்பு போன்ற குழலைக் கர்ப்பிணியின் வயிற்றில் ஊன்றி, மறுமுனையில் காதை அழுத்தி, மூச்சடக்கிச் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்கும் அந்த நொடிக்காகவே ஒலியைச் சற்றுக் கூட்டி வைக்கலாம்.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் சுவை கூடும். பிரிட்டனில் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதாரச் சேவை 1948இல்தான் பிறந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் தரப்பட்ட தாலிடோமைடு மாத்திரை 1958இல் அங்கே விற்பனைக்கு வந்து, சிசுக்களின் கைகால்களைச் சிதைத்தது தெரிந்த பின் 1961 இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. இதை அறிந்தவருக்கு, தொடரில் வரும் டாக்டர் டர்னர் நல்லெண்ணத்தோடு அதை எழுதித் தருவது நெஞ்சை அடைக்கும்.

பிரசவக் காட்சிகள் ஒளிவுமறைவின்றி வரும் என்பதால், சாப்பிட்டு முடித்த பிறகு உட்காருங்கள்.