ஃப்ரிட்ஜில் வைத்த தாய்ப்பாலைக் குழந்தை துப்புகிறதா?

புட்டியில் கொடுக்கும் தாய்ப்பாலைக் குழந்தை துப்பினால், வேறு நிப்பிள் வாங்கக் கடைக்கு ஓடுமுன் அந்தப் பாலில் ஒரு சொட்டை நீங்களே சுவைத்துப் பாருங்கள். சோப்பு வாடை அடித்தால், அடுத்த முறை பீய்ச்சியதுமே, ஓரத்தில் சிறு குமிழ்கள் வரும்வரை மட்டும் சூடாக்குங்கள். பொங்க விடக்கூடாது. உடனே பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, அப்புறம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

தாய்ப்பாலில் உள்ள லிபேஸ் என்ற நொதி, குளிரிலும் கொழுப்பை உடைத்துக்கொண்டே இருக்கும், வாடை அதனால்தான். சூடு அந்த நொதியை அடக்கிவிடும். வாடை வந்த பால் கெட்டுப்போனதல்ல, குழந்தை குடித்தால் கொடுக்கலாம். ஆனால் சூட்டில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கொஞ்சம் குறையும், அதனால் தேவையில்லாமல் காய்ச்ச வேண்டாம்.

ஏற்கெனவே வாடை வந்த பாலுக்கு இது உதவாது. புளித்த நாற்றம் வேறு, அதைக் கொட்டிவிடுங்கள். அப்போதுதான் பீய்ச்சிய பாலையும் குழந்தை மறுத்தால் சிக்கல் பெரும்பாலும் புட்டியில்தான். கொதிநீரில் போட்டெடுத்த பாலாடைக் கிண்ணத்தில் மெல்லப் புகட்டிப் பாருங்கள், பாட்டி வீட்டுச் சங்கானாலும் சரி. சிறுநீர் குறைந்தாலோ குழந்தை சோர்ந்து கிடந்தாலோ இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள்.