ஆண் ஹார்மோன் குறைகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மதுரை மேலமாசி வீதியில் கடை வைத்திருக்கும் 52 வயதுக்காரர் ஒருவர், உடம்பு சோர்ந்து கிடக்கிறதே என்று ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் அளவைப் பார்க்க விரும்புகிறார். பகலில் கல்லாவை விட்டு எழ முடியாது. கடை சாத்திய பிறகு, மாலைக் காப்பியும் வடையும் முடித்து, லேபில் ரத்தம் கொடுக்கிறார். மறுநாள் அளவு குறைவு என்று வந்ததும் இடிந்துபோகிறார். இப்படிக் கொடுத்த ரத்தத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது ஏற ஏற இறங்கும், சாப்பிட்டாலும் குறையும். காலை 10 மணிக்குள் வெறும் வயிற்றில் கொடுங்கள். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையிலும் பாருங்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்த கையோடு பார்க்க வேண்டாம். மாட்டுத்தாவணி சந்தையில் இரவெல்லாம் விழித்துப் பகலில் உறங்குகிறவர்கள், தாங்கள் படுத்து எழும் நேரத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உறக்கத்தை ஒட்டித்தான் இது சுரந்து ஏறுகிறது.

வயது ஏறினால் குறையத்தான் செய்யும். நாற்பதுக்குப் பின் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம். ஆனால் தொப்பையும் சர்க்கரை நோயும் மூச்சு அடைத்து அடைத்து வரும் குறட்டையும் அதைவிட வேகமாகக் குறைத்துவிடும். நள்ளிரவுப் பரோட்டாவை விடாமல் வயதின் மேல் பழி போடுவது நியாயமில்லை. எடை இறங்கினாலே பலருக்கு அளவு ஏறுகிறது.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, விறைப்புக் குறைந்தால் வெட்கப்பட்டு லேகியம் தேடிப் போவதுதான். விறைப்புக் குறைவு இதய நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடக் குறுகலானவை. அடைப்பு முதலில் அங்கே தெரிந்துவிடுகிறது. லேகிய டப்பாக்களில் கழியும் மாதங்கள், இதயத்தைப் பரிசோதித்திருக்க வேண்டிய மாதங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் இதைச் சொல்லுங்கள். அங்கே யாருக்கும் இது புதிதல்ல.

ஜிம்மில் யாரோ சொன்னார் என்று ஊசி போட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் மோசம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரோன் ஏறினால் மூளை விதைப்பைக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை, வாரம் 200 மில்லிகிராம் வீதம், ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டது. குழந்தைக்காகக் காத்திருப்பவர் இதைத் தொடவே கூடாது. மருத்துவரே எழுதிக்கொடுத்தாலும் புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையையும், ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று காட்டும் ஹிமட்டோகிரிட்டையும் முதலில் பார்த்துவிட வேண்டும். ஹிமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்திவைப்பார்கள்.