கரகாட்ட பொம்மை குதிக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டுமா?

கைப்பிடியைச் சுற்றினால் ஆடும் பொம்மைக்கு மோட்டார் வேண்டாம். அட்டைப்பெட்டி, சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட போக்ஸ் கம்பி, பஞ்சர் கடை ட்யூப் துண்டு போதும்.

கம்பியைப் பெட்டியின் குறுக்கே செருகி, வெளியே நீளும் முனையைக் கைப்பிடியாக வளைத்து, உள்ளே அதில் ஒரு அட்டை வட்டை குளூ கன்னால் இறுக்குங்கள். கம்பி நுழையும் துளை வட்டின் நடுவில் இருக்கக் கூடாது, 1 செ.மீ. தள்ளிப் போட்டால் பொம்மை 2 செ.மீ. ஏறி இறங்கும். பொம்மையைத் தாங்கும் குச்சியைப் பெட்டியின் மேல்பக்கத் துளை வழியே இறக்கி, அதன் அடியில் இன்னொரு வட்டைப் படுக்கையாக ஒட்டுங்கள். இது மேல்வட்டு, கம்பியில் இருப்பது கீழ்வட்டு.

சூட்சுமம் இங்கேதான். கீழ்வட்டு மேல்வட்டின் நடுவில் தொட்டால் பொம்மை வெறுமனே ஏறி இறங்கும். நடுவிலிருந்து தள்ளித் தொட்டால் உரசலில் சுழலவும் செய்யும். குச்சிக்கு இரு பக்கமும் ஒவ்வொரு கீழ்வட்டு வைத்து, அவற்றின் மேடுகளை (துளையிலிருந்து நீண்டிருக்கும் பக்கத்தை) எதிரெதிராகத் திருப்பிவிட்டால், மாறி மாறி இரு பக்கமும் திரும்பும். கரகாட்டத்துக்கு அதுதான் அழகு.

வழுக்கினால் கீழ்வட்டின் விளிம்பில் ட்யூப் ரப்பரை ஒட்டுங்கள். மெழுகைக் குச்சி நுழையும் துளையில் மட்டும் தடவுங்கள், வட்டில் படவே கூடாது.

மதுரைப் பக்கத்து விளாச்சேரி மண் பொம்மையை ஏற்ற ஆசை வரும் (எனக்கும்தான்). கனத்தில் அட்டை நசுங்கிவிடும். காகிதக்கூழில் செய்ததே தோது.