ஹெர்மன் லாண்டுவா: வாழ்க்கைக் குறிப்பு எழுதுவோருக்கு

ஹெர்மன் லாண்டுவா (1835–1905) இன்றைய ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்துப் பாதிரியார், விலங்கியல் பேராசிரியர், உயிரியல் பூங்கா நிறுவியவர், நாவலாசிரியர். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதற்குள் ஆள் மாறாட்டம் நடந்துவிடும். ஆகவே முதலில் தம்பியைப் பிரித்து வையுங்கள்.

தம்பி லியோனார்ட் (1837–1902) உடலியங்கியல் அறிஞர். 1860களில் இருவரும் ஒரே விலங்கியல் ஆய்விதழில் எழுதினார்கள். குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இருவர் கட்டுரைகளும் கலந்து வரும், முதலெழுத்தைப் பாருங்கள். ரத்தம் ஏற்றுதல், கிரைஃப்ஸ்வால்ட் நகரம் என்றால் தம்பி. பூச்சிகள் ஒலியெழுப்பும் உறுப்புகள் (1867), மூன்ஸ்டர் நகரம் என்றால் அண்ணன். மனிதப் பேன் பற்றிய கட்டுரைகள்தான் காலை வாரிவிடும். விலங்கியல்தானே என்று அண்ணன் கணக்கில் எழுதிவிடத் தோன்றும், அவை தம்பியுடையவை.

பிறந்த இடத்தை 'மூன்ஸ்டர், பிரஷ்யா' என்று எழுதுங்கள். 1835இல் ஜெர்மனி என்ற ஒரே நாடு கிடையாது. 1859இல் குருப்பட்டம், 1873இல் பேராசிரியர் பதவி. அவர் பணியாற்றிய மூன்ஸ்டர் உயர்கல்வி நிறுவனம் அப்போது பல்கலைக்கழகம் அல்ல, அகாதெமி; பல்கலைக்கழகத் தகுதி திரும்பக் கிடைத்தது 1902இல்தான். பூங்கா திறந்தது 1875.

நாவலுக்கு வந்தால் நிதானம் வேண்டும். 'ஃபிரான்ஸ் எசிங்க்' 1874 முதல் வெளிவந்தது. மூன்ஸ்டர் வட்டாரத்துத் தாழ்ஜெர்மன் (வட ஜெர்மனிப் பகுதிகளின் பேச்சுமொழி) நடை அது. பொதுஜெர்மன் என்று எண்ணி மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் அர்த்தம் அனர்த்தமாகும்; அந்த வட்டார அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரான்ஸ் கீசே என்பவரின் பெயரும் இந்நூலோடு சேர்ந்து வரும். எந்தப் பதிப்பு, அதன் முகப்பில் யார் பெயர் என்று பார்த்த பிறகே 'எழுதியவர்' என்று போடுங்கள். கதைநாயகன் செய்த குறும்புகளை ஆசிரியர் வாழ்வில் நடந்ததாக எழுதிவிடாதீர்கள். லாண்டுவாவே பெரிய குறும்புக்காரர் என்பதால் இந்தக் குழப்பம் சுலபமாக வரும்.

1895இல் செப்பன்ராடே கல்குவாரியில் கிடைத்த ராட்சத அம்மோனைட் (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடல் உயிரி) புதைபடிவத்துக்கு அவர் வைத்த பேரினப் பெயர் பாக்கிடிஸ்கஸ். இன்றைய பெயர் பாராப்புசோசியா. இரண்டையும் குறிப்பிடுங்கள். அளவிலும் கவனம் தேவை: கிடைத்த புதைபடிவம் ஏறக்குறைய 1.8 மீட்டர் விட்டம். இரண்டரை மீட்டர் என்று படித்தால், உடைந்துபோன வெளி அறையையும் சேர்த்துப் போட்ட உத்தேசக் கணக்கு அது. அளந்ததையும் ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள்.

படத்துக்கு அவருடைய சிலையைத் தேர்ந்தெடுத்தால் 'நினைவுச் சிலை' என்று எழுதவேண்டாம். 1900இல், உயிரோடிருக்கும்போதே, தன் பூங்காவில் தானே வைத்துக்கொண்ட சிலை அது. பூங்கா 1974இல் வேறிடத்துக்கு மாறியதால், 'முதலில் இருந்த இடம் பழைய பூங்கா' என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.