நல்லாயிட்டேன் என்று மாத்திரையை நிறுத்தும் நாள்

கடுகு டப்பாவுக்குப் பின்னால் பிரிக்காத மாத்திரை அட்டை நாலு இருந்தது. அக்காவுக்குப் பைபோலார், அதாவது மனம் எல்லை மீறி எழும்புவதும் சோர்ந்து விழுவதும் மாறி மாறி வரும் நோய், என்று தெரிந்து அப்போது ஒன்றரை வருடம். அதற்கு முந்தைய இரண்டு வாரமாக ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பரணை ஒழித்துக்கொண்டிருந்தாள். பேச்சு விட்டுப்போன சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாள். ஒரே வாரத்தில் ஏழு புடவை. நாங்களோ "பழைய அக்கா திரும்பி வந்துட்டா" என்று சந்தோஷமாக இருந்தோம். அட்டையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

மனச்சோர்வு வந்தால் ஆள் படுத்துவிடுவார், வீட்டுக்குத் தெரிந்துவிடும். மேனியா, அதாவது அந்த எல்லை மீறிய எழுச்சி, தொடங்கும்போது வெறும் சுறுசுறுப்பு மாதிரிதான் இருக்கும். நாலு மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லை என்றால் அது நல்ல சேதி இல்லை. அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டிய சேதி. நல்லாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை என்று தோன்றுவதும் பெரும்பாலும் மாத்திரை வேலை செய்வதால்தான். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் மேனியா வேகமாகத் திரும்பும், தற்கொலை அபாயமும் கூடும். குறைக்க வேண்டுமா, டாக்டரோடு பேசி மெதுவாகக் குறைக்கலாம். நாமே முடிவெடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

லித்தியம் சாப்பிடுபவர்கள் வீட்டில் நடக்கும் தவறுகள் தனி ரகம். மேனியாவுக்குப் பலன் தருகிறது என்று 1949-ல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் எழுதிய பழைய மருந்து, இன்றும் முதல் வரிசையில் இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும்; 1.5-ஐத் தாண்டினால் விஷமாகத் தொடங்கிவிடும். இடைவெளி அவ்வளவு குறுகல். இது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும், கூடவே லித்தியத்தையும். அதனால் சித்திரை வெயிலில் நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அலைவது, தண்ணீர்கூட இல்லாத விரதம், பிரஷருக்கென்று ஒரே நாளில் உப்பை வெட்டுவது, வயிற்றுப்போக்கை இரண்டு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது எல்லாமே அளவை ஏற்றும்.

மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐப்யூபுரோஃபென் இன்னும் மோசம். வலிக்குப் பொதுவாகப் பாராசிட்டமால் பரவாயில்லை. டெல்மிசார்ட்டான் போன்ற பிரஷர் மாத்திரைகளும் அளவைக் கூட்டும்; ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் லித்தியம் சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். கை லேசாக நடுங்குவது சகஜம். நடுக்கம் பெரிதாகி, வாந்தி வந்து, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் நாங்களே ஒரு முறை ஏமாந்தோம். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனாள் அக்கா. அளவு எக்கச்சக்கமாக வந்தது, வீடே பதறியது. கடைசி வேளை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தைராய்டும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம்.

மனச்சோர்வு காலத்தில் வேறு ஒரு தவறு. பைபோலார் என்று சொல்லாமல் வேறு டாக்டரிடம் போய்ச் சோர்வுக்கு மட்டும் மாத்திரை வாங்குவது. மூடைச் சமநிலையில் வைக்கும் மருந்து இல்லாமல் அதைத் தனியாகச் சாப்பிட்டால் சிலருக்கு நேரே மேனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். மூடைச் சமநிலையில் வைக்கும் இன்னொரு மருந்தான வால்புரோயேட் சாப்பிடும் பெண்கள் கருவைப் பாதிக்கும் மருந்து அது என்பதை மறக்கக் கூடாது. குழந்தை பற்றிய யோசனை வந்தவுடனே, கருத்தரிக்கும் முன்பே, டாக்டரிடம் பேச வேண்டும்.

தூக்கத்துக்கு வருகிறேன். கல்யாண வீடு, இரவு பஸ், நைட் ஷிப்ட் என்று ஓரிரு இரவு தூக்கம் கெட்டாலே சிலருக்கு மேனியா தொடங்கப் போதும். இப்போதெல்லாம் முகூர்த்தத்துக்கு முந்தின நாளே போய் ரூம் எடுத்துத் தூங்கிவிடுகிறோம். "ரொம்பத்தான் பொத்திப் பொத்தி வளர்க்கறீங்க" என்று அத்தை சொல்லத்தான் செய்தார். சொல்லட்டும்.

வீட்டுக்காரர்களின் தவறு ஒன்று பாக்கி. அக்கா குரலை உயர்த்தினாலே "மாத்திரை போட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் திருப்பிக் கேட்டாள்: "நீ பைக்கை வாசலை மறிச்சு நிறுத்தினதுக்கு எனக்குக் கோபம் வரக் கூடாதாடா?" நியாயம்தான். கேட்க வேண்டியதை, நோய் உள்ளவர் தெளிவாக இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிக்கொள்வது நல்லது: எந்த அறிகுறி வந்தால் யாரைக் கூப்பிடுவது, ஏடிஎம் கார்டு யாரிடம் இருப்பது, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே இப்படி முன்கூட்டி எழுதி வைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தருகிறது. சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். ஆளைத் தனியாக விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், காசு இல்லை.

அக்காவின் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. முதல் வரி அவள் கையெழுத்தில்: "பரணில் ஏறினால் டாக்டருக்கு போன் போடவும்."